தள்ளிப் போனால் தெரியும் மலை

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் வழியில், கோரிமேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது கொண்டப்பநாயக்கன்பட்டி. வடக்கே நிமிர்ந்தால் சேர்வராயன் மலைச்சரிவு. பாறை எங்கே முடிகிறது, மரம் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துப் பார்க்கலாம், அவ்வளவு கிட்டம். மதிய வெயிலில் அண்ணாந்து நின்ற என்னைப் பார்த்து, ஆடு ஓட்டி வந்த பாட்டி ஒருவர் நின்றார்.

"மலையப் பாக்கோணும்னா தள்ளிப் போயி நில்லு கண்ணு. கோபுரத்தடியில நின்னா கலசம் தெரியுமா?"

கணக்கும் பாட்டி பக்கம்தான். 1,600 மீட்டரைத் தாண்டும் சேர்வராயன் உச்சி, ஏற்காட்டுக்கும் அப்பால், மலைக்குள் தள்ளி இருக்கிறது. அடிவாரத்தில் நிற்பவருக்கு முன்விளிம்பே வானத்தை அடைத்துக்கொள்ளும். அதைவிட உயரமான மேடுகள் அதன் முதுகுக்குப் பின்னால் மறைந்துகிடக்கும். தொலைவு கூடக் கூட விளிம்பு தாழும், பின்னால் இருப்பவை ஒவ்வொன்றாகத் தலைகாட்டும்.

ஓமலூர் பஸ் ஏறினேன். கருப்பூர் பக்கம் மேக்னசைட் சுரங்கங்களின் குவியல்கள் வெகுதூரத்திலேயே கண்ணில் பட்டன. ஊர்க்காரர்களுக்கு அது வெள்ளைக்கல். இறங்கி, சாலையோரம் கிடந்த துண்டு ஒன்றைக் கையில் எடுத்தேன்: உடைந்த முகம் வழவழவென்று, ஊடே மெல்லிய பழுப்புக் கோடுகள். அந்தக் குவியல்கள் மலைக்கு முன் ஒன்றுமேயில்லை. ஆனால் செம்மண்ணில் வெள்ளை. ஒரு பொருள் தூரத்தில் தெரிய உயரம் மட்டும் போதாது, பின்னணியிலிருந்து விலகித் தெரியும் நிறமும் வேண்டும்.

உயரத்தின் வேலை வேறு. சமதரையில் நிற்கும் மனிதனுக்குத் தொடுவானம் நாலரை கிலோமீட்டர்தான். அதற்கப்பால் பூமி வளைந்து தாழ்கிறது. சமவெளியிலிருந்து 1,300 மீட்டர் எழும் மலையுச்சியோ அந்த வளைவுக்கு மேலே சுமார் 130 கிலோமீட்டர் வரை தலைநீட்ட முடியும். இடையில் வேறு மலை குறுக்கிடாவிட்டால், 60 கிலோமீட்டர் தள்ளி நின்றாலும் அது முழுநிலவைவிட ஏறக்குறைய இரு மடங்கு உயரமாகத் தெரியவேண்டும். தெரியாமல் போனால் குற்றம் காற்றுடையது. நடுவில் உள்ள காற்றும் தூசியும் ஒளியைச் சிதறடித்து மலைமேல் பூசிவிடுகின்றன; கருப்பு நீலமாகி, நீலம் வெளுத்து, கடைசியில் மலையும் வானமும் ஒரே நிறமாகிவிடும். கோடையில் சேர்வராயன் பல நாள் இப்படித்தான் காணாமல் போகிறது.

இந்த உயரத்தின் அருமை தஞ்சாவூர்ச் சமவெளியில் புரியும். 1808இல் வில்லியம் லாம்டன் நில அளவைக்காக அங்கே வந்தபோது, கருவியை ஏற்றிவைக்க ஒரு குன்றுகூடக் கிடையாது. அரை டன் எடையுள்ள தியோடலைட்டைப் பெரிய கோயில் விமானத்தின் மேலே தூக்கினார்கள். கயிறு அறுந்தது, கருவி விமானத்தில் மோதிச் சேதமானது. ராஜராஜன் எழுப்பிய கல்மலைதான் அந்த ஊருக்கு மலை. சேலத்துக்காரர்களுக்கு நாலு திசையிலும் மலை: நகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை, கோதுமலை. எவ்வளவு பெரிய கொடுப்பினை!

மலையைவிடத் தொலைவில் தெரிவது இடிமேகம். 12 கிலோமீட்டர் உயரம் எழுந்த மேகத்தின் தலை, காற்று தெளிவாக இருந்தால், 300 கிலோமீட்டருக்கு அப்பாலும் தெரியக்கூடும். அதன் இடியோசையோ சாதாரணமாக 20 கிலோமீட்டரைத் தாண்டுவதில்லை. இரவில் ஓசையில்லாமல் தொடுவானத்தில் வெட்டும் மின்னல், வேறெந்த ஊரிலோ கொட்டுகிற மழையினுடையது.

சேர்வராயனைப் பார்க்கப் போகிறவர்கள் மழை விட்ட மறுநாள் போங்கள். ஓமலூர்ப் பக்கமிருந்து காலையில் பார்த்தால் சூரியன் மலைக்குப் பின்னால் இருக்கும். விளிம்புக்கோடு மட்டும் கரும்பட்டையாகத் தெரியும். மாலை வெயில் நேராக மலைமேல் விழும்போது ஓடைப் பள்ளங்களும் பாறை முகங்களும் தனித்தனியே எழுந்து வரும். ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம்.