ஈ.எல்லா, ஸ்ரீயா?

எங்கள் வீட்டில் இரண்டு மாதமாக இதே பேச்சுதான். மொரிஸைக் கொடுத்துவிட்டு ஒஸ்டினை எடுக்கிறதா, வேணாமா? காசு கைமாறாது, காருக்குக் கார். கேட்டு வந்தவர் அவிசாவளைப் பக்கம் இருக்கிற ஒரு சிங்களவர், அப்பாவின் பழைய வாடிக்கையாளர். கல்யாண ஹயருக்கு விட அவருக்கு ஒரு மொரிஸ் மைனர் வேண்டுமாம். அதுவும் ஸ்ரீ நம்பர் வருவதற்கு முந்திப் பதிந்த, ஆங்கில எழுத்துப் பிளேட் உள்ள மைனர். எங்களிடம் இருப்பது சரியாக அதுதான்: 1954ஆம் வருஷம், ‘ஈ.எல்.’ நம்பர், ரெண்டு கதவு. அவரிடம் இருப்பது 1958ஆம் வருஷத்து ஒஸ்டின் ஏ 55 கேம்பிரிட்ஜ். நாலு கதவு. ‘1 ஸ்ரீ’.

ஊரைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறோம். அவிசாவளையிலிருந்து ஹட்டனுக்கு ஏறுகிற ரோடும், கேகாலையிலிருந்து புளத்கொஹுபிட்டிய வழியாக வருகிற ரோடும் சந்திக்கிற இடம் கரவனெல்ல. மலையகம் என்றதும் பனியும் தேயிலையும் ஞாபகம் வருகிறவர்கள் கொஞ்சம் கீழே இறங்கி வர வேண்டும். இங்கே ரப்பர், புழுக்கம், அட்டை, மழை. அப்பாவின் கராஜ் ரோட்டோரம் இருக்கிறது. கினிகத்தேனை இறக்கத்தில் பிரேக் சூடாகி வருகிற வண்டிகளில் பாதி அங்கேதான் வந்து நிற்கும்.

பழைய கார் வைத்திருக்கிற குடும்பம் என்றதும் பங்களா, பணம் என்று நினைக்க வேண்டாம். கொழும்பில் அது பொழுதுபோக்கு. எங்களைப் போன்றவர்களுக்குப் புதுசு வாங்க முடியாததால் ஒட்டிக்கொண்ட பழக்கம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்து வருஷத்தில் நாட்டில் ஓடுகிற எல்லாவற்றுக்கும் விலை ஏறியது, துருப்பிடித்துக் கிடந்தவைக்கும்கூட. 2022ல் கியூஆர் கோட்டா வந்தபோது த்ரீவீலுக்கு வாரம் 5 லீற்றர், காருக்கு 20 லீற்றர் என்று ஒதுக்கினார்கள். தோட்டத்து த்ரீவீல்கள் எல்லாம் வாரக் கடைசியில் படுத்துவிடும். எங்கள் மைனர் மட்டும் ராத்திரி வயிற்றுவலிக்காரரையும் பிள்ளைத்தாய்ச்சியையும் ஏற்றிக்கொண்டு கரவனெல்ல ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தது. அதனால் இது ஷோவுக்கு வைத்திருக்கிற கார் இல்லை. மாற்றினால் எதை ஏற்றலாம், எவ்வளவு பெற்றோல் குடிக்கும் என்பதுதான் முதல் கேள்வி.

அந்தக் கணக்கில் அப்பா மைனர் பக்கம். 803 சிசி எஞ்சின், சிக்கனம். லீற்றருக்குப் பன்னிரண்டு, பதிமூன்று கிலோமீற்றர் தரும். வரைந்தவர் அலெக் இசிகோனிஸ், பின்னால் மினியை வரைந்த அதே ஆள். 1948ல் வெளிவந்து, பத்து லட்சம் விற்ற முதல் பிரித்தானியக் கார் என்று பேர் எடுத்தது. தயாரிப்புக்குப் போகிற நேரத்தில், கார் பார்க்க ஒடுங்கலாக இருக்கிறது என்று நினைத்து, மாதிரிக் காரை நடுவில் வெட்டிப் பிரித்து நாலு அங்குலம் அகலமாக்கினாராம். அந்த நாலு அங்குலம் இன்றைக்கும் பொனட்டின் நடுவில் ஒரு பட்டியாகத் தெரியும். சின்ன வயசில் அந்தப் பட்டியில்தான் நாங்கள் பொம்மை லொறி ஓட்டினோம். திரும்பும்போது கதவுக்குப் பின்னாலிருந்து சின்னக் கை மாதிரி ஒரு சிக்னல் வெளியே வரும். இப்போது வலது பக்கக் கை வராது. அப்பா ஜன்னல் வழியாகச் சொந்தக் கையை நீட்டுவார்.

ஒஸ்டினுக்கு 1489 சிசி. பெரிய உடம்பு, லீற்றருக்கு ஒன்பது பத்துக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. ஆனால் அந்த எஞ்சின் குடும்பம் பெரிய குடும்பம். எம்ஜிஏ ஸ்போர்ட்ஸ் காரில் இருந்ததும் அதுதான், இந்தியாவில் அம்பாசடர் பல வருஷம் ஓடியதும் அதில்தான். தமிழ்நாட்டில் அம்பாசடர் டாக்ஸியில் ஏறியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் சத்தம் பிடிபடும். ஸ்பெயார் கிடைக்காது என்ற பயம் கொஞ்சம் குறைவு. முக்கியமாக, நாலு கதவு. எங்கள் அப்பாயிக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டது. மைனரில் முன்சீட்டை மடக்கி அவரைப் பின்னால் ஏற்றுவது ரெண்டு பேர் வேலை. முன்னாலேயே உட்காரச் சொன்னால் மாட்டார். ஏன் என்பது பிறகு வருகிறது.

இதுவரைக்கும் யார் வீட்டிலும் நடக்கிற கார்ப் பேச்சுத்தான். பிளேட்டைப் பற்றிப் பேச்சை இழுத்தது நாங்கள், கம்பஸ் போகிற பிள்ளைகள். கலைப்பீடத்தில் 1956ஐப் படித்துவிட்டு வந்து, அந்த எழுத்தை வாசலில் நிறுத்துவதா என்று கேட்டோம்.

கதை இதுதான். அதற்கு முன்பு இலங்கை வாகனங்களில் ஆங்கில எழுத்துகள் இருந்தன. தனிச் சிங்களச் சட்டம் வந்தது 1956ல். 1957 ஜனவரியிலிருந்து புதிதாகப் பதிகிற வாகனங்களுக்குச் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து என்று ஆனது. தமிழரசுக் கட்சிக்காரர்கள் சிங்கள எழுத்துக்குப் பதில் தமிழில் ‘ஸ்ரீ’ எழுதி ஓட்டினார்கள். (‘ஸ்ரீ’ தமிழ் எழுத்தே இல்லை, கிரந்தம் என்று சண்டைக்கு வருகிற ஆட்கள் எங்கள் பட்ச்சிலும் இருக்கிறார்கள். அன்றைக்கு யாரும் அதை யோசித்த மாதிரித் தெரியவில்லை.) 1957 ஜூலையில் பண்டா–செல்வா ஒப்பந்தம் வந்து அது அடங்கியது. 1958 ஜனவரியில் பஸ்களை அரசு எடுத்தது, மார்ச்சில் ஸ்ரீ பிளேட் போட்ட பஸ்களை வடக்குக்கு அனுப்பியது. அங்கே அந்த எழுத்தில் தார் பூசினார்கள். பதிலுக்குத் தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளில் தார் பூசினார்கள். ஏப்ரல் 9ஆம் திகதி ஒப்பந்தம் போனது. மே மாதக் கடைசியில் கலவரம்.

பாடப்புத்தகத்தில் இது வடக்கின் கதையாக வரும். ஆனால் தார் வாளி மலைக்கும் ஏறியது. அந்த ஏப்ரல் தொடக்கத்தில் பொகவந்தலாவையில் பொலிஸ் சுட்டு இரண்டு தோட்டத் தொழிலாளர்கள் செத்தார்கள். அப்பாயி பிறந்தது பொகவந்தலாவையில். அப்போது அவருக்குப் பத்து வயசு. கல்யாணம் கட்டித்தான் இந்த ரப்பர் காட்டுக்கு இறங்கினார்.

அதனால் அப்பாயி ‘ஸ்ரீ’யை வேண்டாம் என்பார் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தோம். கேட்டோம். தார் வாசம் ஞாபகம் இருக்கிறது என்றார். பெரியவர்கள் ராத்திரி லயத்து விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தது ஞாபகம் இருக்கிறது என்றார். பிறகு, “எழுத்தா என்னய ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டுப் போகப்போவுது? கதவு பெருசா இருக்கா, அதச் சொல்லு” என்றார்.

தம்பிக்கு அது போதும். அவனும் ஒரு கட்சி. பல வருஷம் இந்த நாட்டில் ஓடிய பஸ், லொறி, அம்புலன்ஸ் எல்லாவற்றிலும் அந்த எழுத்துத்தான் இருந்தது, அதில் ஏறாத தமிழர் யார் என்பது அவன் வாதம். 2000ஆம் ஆண்டிலிருந்து மறுபடி ஆங்கில எழுத்தே வந்துவிட்டது. சப்ரகமுவவுக்கு ‘எஸ்.ஜி.’ என்று போட்டார்கள். அவ்வளவு ரத்தம் சிந்திய எழுத்தைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டார்கள், இப்போது ‘ஸ்ரீ’ என்றால் பழைய காருக்கு ஒரு அழகு, அவ்வளவுதான் என்கிறான். அழகு என்று விட்டுவிட எங்களில் மற்றவர்களுக்கு மனசு வரவில்லை. இரண்டு பேர் செத்த வருஷத்தில் பதிந்த கார் இது. அதே 1958ல் அந்தக் காருக்கு இலங்கையில் ஒரு பதிவு இருந்தது. 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தின்படி அப்பாயிக்கும் அவருடைய அப்பா அம்மாவுக்கும் இல்லை.

சரி, அப்போ ஈ.எல். சுத்தமான எழுத்தா? அவிசாவளைக்காரருக்கு அது ஏன் வேண்டும் என்று யோசித்தால் தெரியும். கல்யாணப் போட்டோவில் கொலனிக் காலம் மாதிரித் தெரிய வேண்டும். வெள்ளைக் கார், வெள்ளை உடுப்பு, பின்னால் ஒரு பழைய பங்களா. அந்தப் படத்தில் எங்கள் ஆட்கள் நிற்கிற இடம் எது என்று எல்லோருக்கும் தெரியும், கார் துடைக்கிற பக்கம்.

இந்த மைனரைத் துடைத்தது எங்கள் தாத்தா. காரைப் புதுசாக வாங்கியவர் தோட்டத்துத் துரை. தாத்தா அறுபதுகளில் அவருக்கு டிரைவராகப் போனார். 1975ல் கம்பனித் தோட்டங்களை அரசு எடுத்தபோது துரை ஊருக்குப் போனார், கார் பெரிய கிளாக்கர் கைக்குப் போனது. அவரும் இந்தியாவுக்குக் கிளம்பினபோது தாத்தா மாசாமாசம் கட்டி வாங்கினார். 1988 சட்டத்துக்குப் பிறகு பிரஜாவுரிமை கிடைத்து, அடையாள அட்டை வந்து, அதற்குப் பிறகுதான் காரின் புக்கில் தன் பெயரைப் போட்டார். வீட்டில் இதைப் பெருமையாகச் சொல்லிச் சொல்லியே நாங்கள் வளர்ந்தோம். துரை காரைத் தொழிலாளி வாங்கினான் என்கிற கதை.

அப்பாயி சொல்கிற கதை வேறு. முன்சீட்டில் ஏன் உட்கார மாட்டேன் என்கிறார் என்பதும் இந்தப் பேச்சில்தான் வெளியே வந்தது.

“அது டிரைவர் பக்கத்து சீட்டு. ஒங்க தாத்தா குந்துற பக்கம். பின்னாடிதான் தொரயும் தொரசாணியும் குந்துவாங்க. தொரசாணி நாய்கூட பின்னாடிதான் குந்திச்சு. ஒங்கப்பன் பொறக்கயில என்னய தோட்டத்து லொறியிலதான் கொண்டுபோனாங்க. கார் செட்டுலதான் நின்னிச்சு.”

கார் செட்டில்தான் நின்றது. அப்பா அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து போய் கார்பரேட்டரைக் கழற்றினார். அதில் ஒரு கோளாறும் இருக்கவில்லை.

எங்களுக்கு அதற்குப் பிறகு பேச்சின் பக்கம் மாறிவிட்டது. பழைய கார்க்காரர்கள் ‘ஒரிஜினல்’ என்ற சொல்லை விடமாட்டார்கள். ஒரிஜினல் பிளேட், ஒரிஜினல் சீட், ஒரிஜினல் பெயின்ட். கையைப் பார்க்காமல் பொருளைப் பார்க்கிற சொல் அது. எங்கள் மைனரில் ஒரிஜினல் என்று எதைக் காப்பாற்றுவது? நாய் உட்கார்ந்த சீட்டையா? அதில் எங்களுக்கு மதிப்பானது தாத்தா மாற்றியதெல்லாம்தான். தரையில் ஓட்டை விழுந்த இடத்தில் வெல்ட் பண்ணிய எண்ணெய் பீப்பாய்த் தகடு. ரப்பர் ஸ்டோரில் உலர்த்திய ஷீட்டை வெட்டித் தாத்தா போட்ட மிதியடி, மழை நாளில் இன்னும் அந்தப் புளிச்ச வாசம் வரும். கல்யாணக் காராகப் போனால் முதலில் பிடுங்கி எறிவது இவற்றைத்தான். பிளேட்டை மட்டும் பளபளவென்று துடைத்து வைப்பார்கள்.

அப்பாவுக்கு அதில்தான் மனசு இழுக்கிறது. எங்களுக்கும் இழுக்கிறது. ஆனாலும் எங்கள் ஓட்டு ஒஸ்டினுக்குத்தான். அப்பாயி ஏறி இறங்க முடியாத காரை அவருக்காக வைத்திருக்கிறோம் என்று சொல்வதில் ஒன்றுமில்லை. தகட்டையும் மிதியடியையும் கழற்றிவிட்டுக் கொடுக்கலாம் என்றான் தம்பி. அந்த ஆளும் சந்தோஷமாகச் சரி என்றார், அவருக்கு அது குப்பை.

இப்போது தடங்கல் வேறு இடத்தில். ஒஸ்டினின் புக்கில் இருக்கிற பெயர் நாலு கை முந்திய ஒருவருடையது. ஒவ்வொருத்தரும் கையெழுத்து வைத்த மாற்றுப் பத்திரத்தோடு அப்படியே அடுத்தவருக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஓப்பன் பேப்பர் என்பார்கள், இங்கே சாதாரணம். காரை மாற்றலாம், புக்கை மெதுவாகப் பார்க்கலாம் என்றார் அவர். அப்பா ரெஞ்சை மேசையில் வைத்துவிட்டு, சிங்களத்தில், மரியாதையாக, முடியாது மஹத்தயா என்றார். சேசி நம்பரும் எஞ்சின் நம்பரும் புக்கோடு ஒத்துப்போக வேண்டும், கார் முதலில் உங்கள் பெயருக்கு வர வேண்டும், அதற்குப் பிறகு எங்கள் பெயருக்கு. “எங்க அப்பா பேப்பர் இல்லாம இருபது வருஷம் வண்டி ஓட்டினார். வண்டிக்குப் பேப்பர் இருந்திச்சு” என்று பிறகு எங்களிடம் தமிழில் சொன்னார். அவிசாவளைக்காரர் கொஞ்சம் முகம் சுருங்கினாலும், பழைய உரிமையாளரின் மகனைத் தேடிப் பிடித்துவிட்டதாகப் போன வாரம் கோல் எடுத்தார். கையெழுத்துக்கு ஆள் சம்மதம். நம்பர் மாறாது, ‘1 ஸ்ரீ’ அப்படியே இருக்கும்.

அதுவரைக்கும் பிரேக் வேலைக்கென்று ஒஸ்டினை எங்கள் கராஜில் விட்டுப் போயிருக்கிறார். ஓட்டிப் பார்க்கச் சொல்லியும் இருக்கிறார். செவ்வாய்க்கிழமை கிளினிக் நாள். அப்பாயி பின்கதவைத் தானே திறந்து, முதலில் குந்தி, பிறகு காலை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்தார். யாரும் பிடிக்கவில்லை. திரும்பி வரும்போது மருந்துப் பையோடு நின்ற பக்கத்து லயத்து ரெண்டு பேரையும் பின்னால் தன் பக்கத்தில் ஏற்றச் சொன்னார். தம்பி முன்னால். அஞ்சு பேரோடு தோட்டத்து மேட்டில் மூன்றாம் கியரிலேயே ஏறியது. பெற்றோல் எவ்வளவு குடித்தது என்று அப்பா இன்னும் சொல்லவில்லை.