குப்பை மக்கும், உப்பு மக்காது

ஒடுகத்தூரில் அந்த அக்காவுக்கு வீட்டுக்குப் பின்னால் நாலு சென்ட் கொல்லை. கத்தரி, வெண்டை, அவரைப் பந்தல், ஓரத்தில் ரெண்டு வாழை. ஆறு வருஷத்துக்கு முன்னால் கடப்பாரை போட்டாலும் இறங்காத மண். இன்றைக்குக் கையால் கிளறினால் மண்புழு வருகிறது. கடையில் வாங்கிப் போட்டது எதுவுமில்லை. எல்லாம் வீட்டுக் குப்பைக்குழி செய்த வேலை.

குழி 6 அடி நீளம், 4 அடி அகலம், 3 அடி ஆழம். கடலைக்கொடி, கரும்புச் சோகை, மாஞ்சருகு என்று முக்கால் அடி. அதன்மேல் ஆட்டுப்புழுக்கை இரண்டு விரல் கனம். பிறகு மறுபடி சருகு. வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தைக்குப் பேர்போன ஊரில் புழுக்கைக்குப் பஞ்சமில்லை. ஆட்டு எருவில் தழைச்சத்து 3 சதவிகிதம் வரை இருக்கும். சாதாரணத் தொழுவுரத்தில் அது அரை சதவிகிதம்தான். புழுக்கை முழுசாகக் கிடந்தால் மக்க நாளாகும் என்பதால், தடியால் தட்டி உடைத்துத்தான் போடுவார்.

தண்ணீர் விஷயத்தில் அக்கா ரொம்பக் கறார். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் கை நனைய வேண்டும், சொட்டக் கூடாது. 15 நாளுக்கு ஒருமுறை கிளறல். ஆரம்பத்தில் உள்ளே கை வைக்க முடியாது. 55 டிகிரியைத் தாண்டும் அந்தச் சூட்டில்தான் களை விதைகள் சாகின்றன. மூணரை மாதத்தில் கறுப்பாக, மழை பெய்த மண்ணின் வாசனையோடு உரம் தயார். நடவுக்கு முன்னால் சென்ட்டுக்கு 50 கிலோ.

ஆம்பூர்ப் பக்கம் பாலாற்றங்கரையில் நிலம் வைத்திருக்கும் தம்பி, போன வருஷம் இந்தக் கொல்லையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “எனக்கும் பத்து மூட்டை தாக்கா. என் மண்ணையும் சரி பண்ணிடலாம்.”

அக்காவும் கொடுத்தார். மழைக்காலத்தில் பயிர் தெளிவாகத்தான் இருந்தது. சித்திரையில் கிணற்றுத் தண்ணீர் பாயப் பாய, மண்மேல் வெள்ளையாக உப்புப் பூத்துவிட்டது. அவரை இலை நுனி கருகியது.

உரம் மோசமில்லை. தண்ணீர்தான் வேறு. ஒடுகத்தூருக்கு ஜவ்வாது மலையிலிருந்து உத்திரகாவிரி வருகிறது. தோல் ஷாப்புகளின் கழிவைப் பல பத்தாண்டுகள் வாங்கியது பாலாறு. பச்சைத்தோல் கெடாமலிருக்கப் போடும் உப்பு, கழுவும்போது அப்படியே தண்ணீரில் போகிறது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் வைத்துத் தோல் பதனிட்ட காலம் போய், குரோமியம் வந்தது. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பில், வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் எடுத்த கணக்கு இருக்கிறது: தோல் ஆலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியோ முழுசோ சாகுபடிக்கு உதவாமல் போனது. அவ்வளவு பெரிய காயத்துக்குப் பத்து மூட்டை எரு மருந்தாகுமா?

சருகும் சாணியும் மக்கும். உப்பும் குரோமியமும் மக்காது. இது குழிக்குள்ளேயும் பொருந்தும். அக்காவின் மருமகள் ஷூ கம்பெனிக்குப் போகிறவர். தோல் வெட்டுத்துண்டுகள் கிடைக்குமே, குழியில் போடலாமா என்று அவர் கேட்டபோது, “அது மட்டும் வேணாம்மா” என்று அக்கா நிறுத்திவிட்டார். சரியான முடிவு. குரோம் போட்ட தோல் லேசில் மக்காது. மக்கினாலும் குரோமியம் மண்ணில் தங்கிவிடும். அதை எரித்த சாம்பல் இன்னும் ஆபத்து, எரியும்போது குரோமியம் விஷத்தன்மை கூடிய வடிவத்துக்கு மாறக்கூடும். வீட்டில் கருவாடு கழுவிய தண்ணீரைக்கூட அக்கா குழிப்பக்கம் கொண்டுபோக மாட்டார்.

அப்படியானால் தம்பியின் நிலத்துக்கு எருவே வேண்டாமா? வேண்டும், ஆனால் மழையோடு சேர்த்து. எரு மண்ணைப் பொலபொலப்பாக்கும். அப்போதுதான் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கி உப்பைக் கீழே தள்ளும். மழைக்கு முன்னாலேயே எருவைக் கலந்து, வரப்பை உயர்த்தி, தண்ணீர் ஓடிவிடாமல் நிறுத்த வேண்டும். கோடையில் சருகு மூடாக்கு போட்டால் வெயிலில் உப்பு மேலே ஏறுவது குறையும். இதையெல்லாம் தொடங்கும் முன் மண்ணையும் கிணற்றுத் தண்ணீரையும் விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கொடுத்துப் பார்த்துவிடுவது நல்லது. மண்ணின் மின்கடத்தும் திறன் 4-க்கு மேல் போனால் அது உவர் நிலம். களர் என்று வந்தால் ஜிப்சமும் தேவைப்படும். இரண்டையும் ஒன்றென்று நினைத்து ஜிப்சம் வாங்கிக் கொட்டுகிறவர்கள் நிறைய. வெறும் உவருக்கு அது வீண்செலவு.

தம்பி இந்த ஆடியில் சொந்தமாகக் குழி வெட்டிவிட்டார். கூரைத்தண்ணீரைத் தொட்டியில் பிடித்து, நாற்றங்காலுக்கு அதை மட்டும் ஊற்றுகிறார். முளைக்கீரை எழுந்துவிட்டது. அவரை இன்னும் கருகத்தான் செய்கிறது. கரையோரத் தென்னைகளை வெட்டுவதா, இன்னும் ஒரு மழை பார்ப்பதா என்று அக்காவும் தம்பியும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.