அசலும் பாக்கியும்

அசல், பாக்கி, வசூல், ஜாமீன் ஆகிய நான்கும் அரபு மூலத்தினின்று வந்து நம் கடைத்தெருவில் குடியேறிய சொற்கள். அரபியில் அசல் என்பது வேர். பாக்கி என்பது எஞ்சி நிற்பது. இவற்றின் பிறப்பை ஆராய்தல் தமிழ்த்துறையினராகிய நமக்கு இன்பமே. கடன் பத்திரத்திலோ இச்சொற்களின் பொருள் ரூபாயால் அளக்கப்படுகிறது.

தவணைக் கடன் ஒன்றைப் பார்ப்போம். தொகை ரூ.12,000, ஓராண்டில் பன்னிரு தவணை, 'நிலையான வட்டி 12 விழுக்காடு' என்கின்றனர். வட்டி ரூ.1,440, மாதத் தவணை ரூ.1,120. (வட்டியைத் தீண்டேன் என்பார்க்கு இக்கணக்கு வேண்டாம், இடுக்கண் வந்தபோது வாங்கிவிட்டோர் நம்மிடையே பலர்.) திங்கள்தோறும் அசலில் ரூ.1,000 கழிகிறது. இறுதித் திங்களில் பாக்கி ரூ.1,000 மட்டுமே, வட்டியோ அப்போதும் ரூ.12,000க்கே வாங்கப்படுகிறது! பாக்கித் தொகைக்கு மட்டும் வட்டி கணக்கிட்டால், இதே தவணைக்கு விகிதம் 21 விழுக்காட்டைத் தாண்டும். வேரைக் காட்டி எஞ்சியதை மறைக்கும் வேலை இது.

ஜாமீன் இன்னும் கடுமையானது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் கூறப்பட்டிருந்தாலன்றி, கடனாளியின் பொறுப்பு அனைத்தும் ஜாமீன்தாரருக்கும் உண்டென்கிறது 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவு. 'ஒரு கையெழுத்துத்தானே' என்று நண்பருக்கு இட்டுக் கொடுத்த ஆசிரியர் ஒருவர், மகளின் திருமணத்துக்கென வைத்திருந்த சேமிப்பைக் கொண்டு அக்கடனை அடைத்ததை நாம் அறிவோம்.