வெள்ளவத்தைப் புகையிரத நிலையம்

கொழும்புக் கோட்டையிலிருந்து தெற்கே செல்லும் கரையோரப் புகையிரதப் பாதையில், பம்பலப்பிட்டிக்கும் தெஹிவளைக்கும் இடையே, கடலை ஒட்டிக் கிடக்கிறது வெள்ளவத்தை நிலையம். கட்டடச் சிறப்பென்று கூறத்தக்கது அங்கு எதுவுமில்லை. காலிக்கும் மாத்தறைக்கும் விரையும் வண்டிகள் பல அதனைப் பொருட்படுத்தாமற் கடந்துவிடும். தென்மேல் பருவக்காற்று வீசும் மாதங்களில் உப்புத்திவலை மேடையில் நிற்போரின் முகத்திலே தெறிக்கும்; இரும்பென்று பெயர் பெற்ற எதனையும் அக்காற்று நெடுநாள் விட்டுவைப்பதில்லை.

நிலையத்தின் பெயர் மும்மொழியிலும் எழுதப்பட்டுள்ளது. சிங்களத்தில் 'வெல்ல' மணல், 'வத்த' தோட்டம். சிங்களவருக்கு அது மணற்றோட்டம். தமிழரோ லகரத்தை ளகரமாக்கி, மணலை வெள்ளமாக்கிக்கொண்டனர்! பொருள் மாறினும் ஊர் ஒன்றுதான் என்று இரு சாராரும் அங்கே இறங்கி வீடு சென்றனர்.

1983 ஆம் ஆண்டு ஆடிமாதம் அந்த வீடுகளுட் பல எரிந்தன. அதன் பின்னர் வண்டியேறிய தமிழ்ப் பெண்கள் சிலர் நெற்றிப் பொட்டை அழித்துவிட்டே ஏறினர். பெட்டிக்குள் பேச்சு அடங்கிவிடும். குழந்தைகளை எப்படி அடக்குவது? நல்லவேளையாக, 'அம்மா' என்பது இரு மொழிக்கும் பொதுச்சொல். குழந்தை எத்தனை முறை அழைத்தாலும் எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தாய் தமிழில் மறுமொழி கூறாதிருந்தாற் போதும்.

1996 யூலை 24 ஆந் திகதி மாலை, அடுத்த நிலையமான தெஹிவளையில் வண்டிக்குள் குண்டுகள் வெடித்து அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். வேலை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த எளிய மக்கள் அவர்கள். அச்சாவுகளுக்காக அழாத தமிழர், தம் சாவுகளுக்காகப் பிறர் அழவில்லையென்று குறைகூறுதல் முறையன்று. ஆயினும் அச்சத்தின் வட்டியைச் செலுத்தியவர் விடுதிகளில் தங்கியிருந்த ஏதுமறியாதோரே. 2007 யூன் 7 ஆந் திகதி, வெள்ளவத்தை உட்படக் கொழும்பின் பல பகுதிகளிலுள்ள விடுதிகளிலிருந்து முந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழர் பேருந்துகளில் ஏற்றி அகற்றப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

2014 இல் யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதம் மீண்டும் ஓடத் தொடங்கிற்று. இன்று வெள்ளவத்தை மேடையில் தமிழ் உரக்கவே ஒலிக்கிறது. முதிய தாய்மார் சிலர் மட்டும், பெட்டிக்குள் ஏறியதும், பழக்கத்தாற் குரலைத் தாழ்த்திக்கொள்கின்றனர்.

"என்ன அம்மம்மா, கேக்கேல்லை. பலமாச் சொல்லுங்கோ" என்கின்றனர் பேத்திமார்.