பத்தாவது ஆள்

2021 செப்டம்பரில் ஒரு நாள். வங்கியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். என்னோடு ஏழு பேர்.

"இன்னும் ரெண்டு பேர் வரட்டும் சார்" என்றாள் நர்ஸ்.

கோவிஷீல்டு குப்பி ஒன்றில் பத்து டோஸ். ஆளுக்கு அரை மில்லி. திறந்துவிட்டால் நான்கு மணி நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டும். மிஞ்சினால் கொட்டத்தான் வேண்டும்.

பத்துப் பேர் சேரட்டும் என்று காத்திருப்பது எனக்குப் பழக்கமில்லாத காரியம். நாம் நாற்பது பேருக்காகப் பத்திரிகை நடத்துகிறவர்கள். கும்பல் என்ற சொல்லை வசையாகத் தவிர வேறு விதமாக நான் எழுதியதில்லை.

ஏப்ரலில் 45 வயது தாண்டியவர்களுக்கெல்லாம் ஊசி என்று வந்தபோது, கவிஞரான நண்பர் ஒருவர் போட்டுக்கொள்ளலாமா என்று என்னிடம் கேட்டார். அவருக்கு 52 வயது. அந்த மாதம் ஊரெல்லாம் ஊசியைப் பற்றிப் பயம். நான் நேராகப் பதில் சொல்லவில்லை. 1916ல் போர்முனையில் தலையில் காயம்பட்டுப் பிழைத்த அபொலினேர், 1918 நவம்பரில் 38 வயதில் இன்ஃப்ளூயன்ஸாவில் செத்ததைச் சொன்னேன். கவிஞனுக்குக் காய்ச்சல்கூட ஒரு அந்தஸ்துதான் என்றேன். இருவரும் சிரித்தோம்.

அவர் போட்டுக்கொள்ளவில்லை. மே மூன்றாம் வாரம் இறந்துபோனார். போட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று யாரும் நிரூபிக்க முடியாது. இந்தத் தர்க்கம் எனக்கு மிகவும் வசதியாக இருக்கிறது என்பதாலேயே அதை நான் நம்புவதில்லை. அவர் பயந்துபோய்க் கேட்டார். நான் மேதாவித்தனமாக ஒரு வாக்கியம் சொன்னேன். அதற்குப் பிறகும் நான்கு மாதம் என் முறையைத் தள்ளிப்போட்டேன்.

ஒன்பதாவதாகச் சித்தாள் வேலை செய்யும் ஒரு பெண் வந்தாள். பதினொன்றரை மணிக்கு ஒரு கிழவர், இரண்டு ஆடுகளை வேலியில் கட்டிவிட்டு உள்ளே வந்தார். இடுப்பு மடிப்பிலிருந்து ஆதார் அட்டையை எடுத்தார்.

"வாங்க தாத்தா. உங்களுக்காகத்தான் இத்தனை பேரும் காத்திருக்காங்க."

"எனக்காகவா?" என்று எங்களைத் திரும்பிப் பார்த்தார். நர்ஸ் ஐஸ் பெட்டியிலிருந்து குப்பியை எடுத்தாள்.

கிழவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஒண்ணும் ஆகாதே தம்பி?"

"கொஞ்சம் வலிக்கும். ராத்திரி காய்ச்சல் வரலாம். ரெண்டு நாள்ல சரியாயிடும். போட்டுக்குங்க" என்றேன்.

ஊசிக்குப் பிறகு அரை மணி நேரம் அங்கேயே இருக்கச் சொன்னார்கள். இருந்தோம்.