தலையணை வைத்துத் தைத்த வம்பு

தையல் மிஷின் இருக்கிற வீட்டில் இஞ்ச் டேப்புக்குப் பஞ்சமில்லை. பிளவுஸ், பாவாடை என்று நான் அளக்காதது கிடையாது. அந்த டேப் ஒரு நாள் டிராக்டர் சீட்டை அளக்கப் போகும் என்று நினைத்ததே இல்லை.

விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் கம்மாபுரம் எங்கள் ஊர். என் வீட்டுக்காரர் சொந்த நிலத்தை உழுவதோடு வாடகைக்கும் டிராக்டர் ஓட்டுகிறார். சம்பா நடவு சமயத்தில் விடியற்காலையில் போனால் இருட்டித்தான் வருவார். சேறு அடிக்க இரும்புச் சக்கரம் மாட்டி வரப்பு ஏறி இறங்கும்போது நீங்கள் பார்க்க வேண்டும்! சல்லடையில் போட்ட உளுந்து மாதிரி மனுஷர் துள்ளுவார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி, சாப்பிட இலை போட்டேன். "கீழே வேணாம், ஸ்டூல் போடு" என்றார். தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிட்டே பழகியவர். அப்போதுதான் இடுப்பு வலி என்று எனக்கே தெரிந்தது. "வண்டியை வித்துடலாமா?" என்று அவர் கேட்டபோது வயிற்றைக் கலக்கியது. கடன் பாக்கி ஒரு பக்கம், மகளின் படிப்பு ஒரு பக்கம்.

நான் என்ன செய்வேன்? இலவம்பஞ்சை நன்றாக அடைத்து, கித்தான் துணியில் கெட்டியாகத் தலையணை தைத்து சீட்டின் மேல் கட்டிவிட்டேன். எனக்கு ஒரே பெருமை. எப்படி இருக்கிறது என்று கேட்டால், "நல்லாத்தான் இருக்கு" என்பார். ஆனால் வண்டியிலிருந்து இறங்கியதும் காலை உதறிக்கொண்டே நிற்பார்.

பொங்கலுக்கு மகள் வந்தாள். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கிறாள். வண்டியைப் பார்த்ததும், "யாரும்மா இதைக் கட்டினது?" என்றாள். அப்பாவை ஏறி உட்காரச் சொன்னாள். என் டேப்பை வாங்கிக் குதிகாலிலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளந்தாள். தலையணை மூன்று அங்குலம் உயர்த்திவிட்டதால் கிளட்ச் எட்டவில்லை. மிதிப்பதற்காக அவர் சீட்டின் நுனிக்கு வந்து உட்கார்ந்திருக்கிறார். முதுகுக்குச் சாய்மானம் போயிற்று. நுனி விளிம்பு தொடையை அழுத்திக் கால் மரத்துப் போயிற்று. நான் மனசு நோகக் கூடாது என்று அத்தனை நாளும் வாயைத் திறக்கவில்லை மனுஷர்!

"அளவெடுக்காம ஜாக்கெட் தைப்பியாம்மா?" என்று கேட்டாளே பார்க்கலாம். எனக்குச் சுருக்கென்றது.

விவசாய வேலை செய்கிறவர்களின் உடம்பை அளப்பதற்கென்றே நம் நாட்டில் ஆராய்ச்சித் திட்டம் இருக்கிறதாம். போபாலில் உள்ள மத்திய வேளாண் பொறியியல் நிறுவனம் பல மாநிலங்களில் எடுத்த அளவுகளைத் தொகுத்து 2009-ல் புத்தகமாகப் போட்டது. ஆளுக்கு 79 அளவு! ஆண்களின் சராசரி உயரம் சுமார் 163 சென்டிமீட்டர், பெண்களுக்கு சுமார் 151. களை எடுக்கிற, நாற்று நடுகிற பெண்களையும் அளந்திருக்கிறார்கள் என்றதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆண் பிடிக்கிற உயரத்தில் இருக்கும் கைப்பிடி நமக்குத் தோள் வலியைத்தான் தரும்.

இன்னொன்றும் சொன்னாள். அமெரிக்காவில் ஜான் டியர் கம்பெனி 1960-ல் புது டிராக்டர்களைக் கொண்டுவந்தபோது, சீட்டுக்கு யோசனை சொன்னது ஜேனட் டிராவல் என்ற பெண் டாக்டர். முதுகு வலி வைத்தியத்தில் பேர் பெற்றவர். மறு வருஷம் கென்னடிக்கே வெள்ளை மாளிகை டாக்டரானார்.

சரி, எங்கள் வண்டிக்கு வருவோம். உட்கார்ந்திருக்கும் உடம்பு, விநாடிக்கு நாலிலிருந்து எட்டுத் தடவை மேலும் கீழும் ஆடும் ஆட்டத்தைத்தான் தாங்க முடியாமல் தவிக்குமாம். வயலில் டிராக்டர் ஆடுவதும் ஏறக்குறைய இந்தக் கணக்கில்தான். வெறும் மெத்தென்ற திண்டு இதைத் தடுக்காது, சில சமயம் கூட்டியே விடும். தடுப்பது சீட்டுக்கு அடியில் இருக்கிற ஸ்பிரிங்கும், துள்ளலை அடக்குகிற டேம்பரும். ஆளின் எடைக்குத் தக்கபடி ஸ்பிரிங்கை இறுக்கவோ தளர்த்தவோ ஒரு திருகு உண்டு. இவருக்கு 58 கிலோ. வாங்கின நாள் முதல் யாரும் அதைத் தொட்டதில்லை. தடியான ஆளுக்கு வைத்த மாதிரி கல்லாக இறுகிக் கிடந்தது. சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தும் கம்பியோ சேறும் துருவும் சேர்ந்து அசையவே இல்லை.

மண்ணெண்ணெய் விட்டு, தட்டித் தட்டி, கிரீஸ் போட்டு அரை நாள் ஆயிற்று. டேம்பரை மெக்கானிக் மாற்றினார். இரண்டு காடி முன்னால் நகர்த்தியதும் முதுகு சாய்மானத்தில் பட, கிளட்ச் முழுசாக மிதிபட்டது. "அட!" என்றார். அவ்வளவுதான்.

வலி மாயமாகிவிடவில்லை. டாக்டர் சொன்ன பயிற்சிகளைச் செய்கிறார்; ஒரு மணிக்கு ஒரு தடவை இறங்கி நாலடி நடக்கிறார். காலில் பலம் குறைந்தாலோ, சிறுநீர் போவதில் தடங்கல் வந்தாலோ ஒரு நாள்கூடத் தள்ளாமல் வரும்படி டாக்டர் எச்சரித்திருக்கிறார். உங்கள் வீட்டிலும் வண்டி ஓட்டுகிறவர் இருந்தால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது எங்கள் வண்டியை மாற்றி ஓட்ட வரும் பையன் நல்ல உயரம். சீட்டைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுப் போய்விடுவான். காலையில் இவர் முன்னுக்கு இழுத்துக்கொண்டே அவனைத் திட்டுவார்.

என் தலையணை இப்போதும் தினம் வயலுக்குப் போகிறது. மத்தியானம் புங்க மரத்தடியில் அதைத் தலைக்கு வைத்துப் படுக்கிறார். "நல்லாத்தான் இருக்கு" என்கிறார்.