காசும் காசின் ஓசையும்

கொடுத்தவர் கொடுத்துவிட்டார் என்பதை வாங்குபவர் எவ்வாறு உறுதி செய்துகொள்வது? கடைக்காரரும் வாடிக்கையாளரும் எதிரெதிரே நிற்குமிடத்தில் இது ஒரு கேள்வியே அன்று. காசு கைமாறுகிறது, கண் காண்கிறது, கணக்குத் தீர்கிறது. ஆனால் கொடுப்பவர் ஓர் ஊரின் மூலையிலும், வாங்குபவர் கண்ணுக்கு எட்டாத மற்றொரு மூலையிலும் இருந்தால் என்ன செய்வது? காசு போட்டுப் பேசும் பொதுத் தொலைபேசியை உருவாக்கியவர்கள் ஏறத்தாழ நூறாண்டுக் காலம் இக்கேள்வியோடு மல்லாடினர். அவர்கள் கண்ட விடைகள் தொலைபேசிக்கு மட்டும் உரியவை அல்ல. நம் இல்லங்களுக்கும் ஆலயங்களுக்கும் அவற்றில் பாடம் உண்டு என்று நமக்குத் தோன்றுகிறது.

நம் தருமபுரி மாவட்டத்து மக்களுக்கு அப்பெட்டிகள் அயலானவை அல்ல. 1990-களிலும் அதனை அடுத்த ஆண்டுகளிலும் தருமபுரி, அரூர், பாலக்கோடு, பென்னாகரம் எனப் பேருந்து நிற்குமிடமெல்லாம், தேநீர்க் கடையின் முகப்பிலோ மருந்துக் கடையின் ஓரத்திலோ, ஒரு ரூபாய்ப் பெட்டி ஒன்று சிவப்பு நிறத்தில் அமர்ந்திருக்கும். வீட்டில் தொலைபேசி இல்லாதோர் அண்டை வீட்டாரின் எண்ணைப் ‘பி.பி. நம்பர்’ என்று கொடுத்து வைத்திருப்பர். மறுமுனையில் எடுத்தவர் தெருவைக் கடந்து ஓடி உரியவரை அழைத்து வருவதற்குள், போட்ட ரூபாய் கரைந்துகொண்டே இருக்கும். இன்று அப்பெட்டிகள் நம் கண்ணில் படுவதில்லை. 1995 ஜூலை 31 அன்று கொல்கத்தாவிலிருந்து தில்லிக்கு நம் நாட்டின் முதல் கைப்பேசி அழைப்பு சென்றது; பின்னர் வந்த ஆண்டுகளில் கைப்பேசி ஏழையின் சட்டைப் பையையும் அடைந்தபோது, அவற்றின் தேவை முடிந்தது. அமெரிக்காவின் நியூயார்க் நகரமும் தனக்குரிய கடைசிப் பொதுத் தொலைபேசிகளை 2022 மே மாதத்தில் அகற்றிவிட்டது.

காசு போட்டுப் பேசும் கருவியை 1889-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் முதன்முதலாக நிறுவியவர் வில்லியம் கிரே என்பவர். காசு விழுந்ததைத் தொலைபேசி நிலையத்தில் அமர்ந்திருக்கும் பணியாளர் அறிய வேண்டுமே! அவரும் அவர் வழி வந்தோரும் கண்ட உபாயம் மிக எளியது: விழும் காசு கருவிக்குள் ஒரு மணியைத் தட்டும், அவ்வோசை பேசும் கம்பியின் வழியாகவே பணியாளரின் காதுக்குச் செல்லும். பின்னாளில் அந்நாட்டில் பரவிய கருவிகளில், ஐந்து காசு நாணயம் மணியை ஒருமுறை தட்டும். பத்துக் காசு இருமுறை தட்டும். இருபத்தைந்து காசு விழுந்தாலோ தடித்த வேறொரு மணி ஆழ்ந்து ஒலிக்கும். பணியாளர் கண்ணால் காணாமலே, காதால் எண்ணிக் கணக்கிட்டார்.

காலம் மாறிற்று. மணிக்குப் பதிலாக மின்னொலி வந்தது. 1700, 2200 ஹெர்ட்ஸ் அலைவெண்களுள்ள இரு ஒலிகள் இணைந்து, ஐந்து காசுக்கு ஒருமுறையும், பத்துக் காசுக்கு இருமுறையும், இருபத்தைந்து காசுக்கு ஐந்து முறை விரைவாகவும் ஒலித்தன. 1970-களின் பிற்பகுதியில் பணியாளருக்குப் பதிலாக இயந்திரமே அவ்வொலிகளைக் கேட்டுக் கணக்கிடத் தொடங்கிற்று. இங்கேதான் வஞ்சகர் புகுந்தனர். நிலையம் காசைக் காணவில்லை. காசின் ஓசையை மட்டுமே கேட்டது. ஆகவே காசே இன்றி அவ்வோசையை மட்டும் எழுப்பும் சிறு பெட்டிகளைச் சிலர் செய்துகொண்டு, வாய்க்குழலருகே வைத்து ஒலிக்கச் செய்தனர். நிலையமும் பணம் வந்துவிட்டதென நம்பி இணைப்புக் கொடுத்தது. ஓசை குறைவற இருந்தது. உண்டியலோ வெறுமையாக இருந்தது.

மற்றொரு வழியும் இருந்தது. அது ஓசையை நம்பாத வழி. காசைப் பெட்டியே தன்னிடத்தில் சோதித்தறியும். முதலில் துளை, அளவிற் பெரியது அதனுள் நுழையாது. பின்னர் சிறு தராசு போன்ற தட்டு. எடை குறைந்தது அங்கே கழிக்கப்படும். அதன்பின் காந்தம். இரும்புத் துண்டு அதில் ஒட்டிக்கொள்ளும். தாமிரக் கலப்புள்ள நாணயமோ காந்தத்தைக் கடக்கையில் சற்று வேகம் தளரும். எந்த உலோகம் எவ்வளவு தளரும் என்பது கணக்கிடப்பட்டிருப்பதால், உரிய வேகத்தில் வரும் காசு உண்டியலிலும், மற்றவை திருப்பித் தரும் கிண்ணத்திலும் விழும். நாணயம் மாறினால் சோதனையும் மாற வேண்டும். நம் நாட்டின் பழைய தாமிர-நிக்கல் ரூபாயைக் காந்தம் ஈர்ப்பதில்லை. 1992 முதல் வந்த துருப்பிடிக்காத எஃகு ரூபாயை ஈர்க்கும். 2011-இல் ரூபாயின் குறுக்களவு 25 மில்லிமீட்டரிலிருந்து சுமார் 22-ஆகக் குறைந்தது. ஒன்றை அறியப் பழகிய பெட்டி மற்றதை அறியாது.

நிலையத்தின் பங்கு வேறு. மறுமுனையில் ஒருவர் எடுத்துவிட்டார் என்பதை அறிவிப்பதே அதன் கடமை. எடுத்தவுடன் இரு கம்பிகளிலும் மின்னோட்டத்தின் திசையை நிலையம் மாற்றும். பெட்டி அதனை உணர்ந்துகொள்ளும். சிவப்புப் பெட்டிகளுள் பல, போட்ட காசை இடையிலே நிறுத்தி வைத்திருந்து, இவ்வறிகுறி வந்த பின்னரே உள்ளே விழவிடும். யாரும் எடுக்காவிடில் காசு திரும்பி வரும். அவற்றுக்கு முந்திய கருவிகளிலோ, மறுமுனையில் ‘அல்லோ’ என்ற குரல் நமக்குக் கேட்கும். நம் குரல் மட்டும் காசு விழும்வரை அங்கே கேளாது. இங்கிலாந்தில் 1925 முதல் இருந்த பெட்டிகளில் ‘ஏ’, ‘பி’ என இரு பொத்தான்கள் இருந்தன. எடுத்தால் முதலாவதை அழுத்திப் பேசலாம். எடுக்காவிடில் இரண்டாவதை அழுத்திக் காசைத் திரும்பப் பெறலாம்.

இன்று நம் கடைவீதியிலும் இதே நாடகம் மீண்டும் நடைபெறுகிறது. 2016-இல் யு.பி.ஐ. முறை வந்தது. தள்ளுவண்டியில் காய்கறி விற்கும் அம்மையாரும் சதுரக் குறியீட்டு அட்டை ஒன்றை மாட்டி வைத்திருக்கிறார். பணம் செலுத்திவிட்டதாகப் பொய்த் திரை ஒன்றைக் காட்டிவிட்டு நடந்துவிடும் வஞ்சகரும் உளர். எனவேதான் கடைக்காரர்கள் பேசும் பெட்டி ஒன்றை வைத்துக்கொள்கின்றனர். அது கொடுப்பவரின் கைப்பேசி சொல்வதைக் கேட்பதில்லை. தனக்கென உள்ள இணைப்பின் வழியாக, பணம் வந்த செய்தி கிடைத்த பின்னரே, ‘பெறப்பட்டது’ என்று தமிழில் அறிவிக்கிறது. கொடுத்தேன் என்று கொடுப்பவர் எழுப்பும் ஓசை வேறு. வந்து சேர்ந்தது என்று வாங்குபவர் அறியும் உண்மை வேறு. இவ்வேறுபாட்டைத் தொலைபேசிக்காரர் பெரும்பொருள் இழந்து கற்றனர்.

திருச்சபையின் மக்களாகிய நாம் இதனை அவர்களுக்கு முன்பே கற்றிருக்க வேண்டும். எருசலேம் ஆலயத்தில் எக்காளத்தின் வடிவில் குறுகிய வாயுடைய காணிக்கைப் பெட்டிகள் பதின்மூன்று இருந்தன என யூதர்களின் மரபு நூலாகிய மிஷ்னா கூறுகிறது. அவற்றுள் செல்வர் பெருந்தொகையைப் போட்டனர். ஏழைக் கைம்பெண் ஒருவர் இரண்டு சிறு செப்புக்காசுகளைப் போட்டார். காசு விழும் ஓசையால் கணக்கிட்டிருந்தால் அத்தாயின் காணிக்கை யார் காதிலும் விழுந்திராது. எதிரே அமர்ந்திருந்த நம் ஆண்டவரோ அதனையே அனைத்திலும் மிகுதியென்று கணக்கிட்டார். மாற்கும் லூக்காவும் இதனை நமக்கு எழுதி வைத்துள்ளனர்.

இக்காலத்தில் ஓசையின் பொருள் தலைகீழாகிவிட்டது. ஞாயிறு திருப்பலியில் காணிக்கைப் பை வரும்போது தாள் பணம் ஓசையின்றி விழுகிறது. ஏழையின் காசு மட்டுமே ஒலிக்கிறது. நாணயத்தைக் காகிதத்தில் சுற்றிப் போடும் முதியோரை நாம் பங்குகளில் கண்டிருக்கிறோம். காசு காணாமற் போய்விடும் என்பதற்காக அவர்கள் சுற்றவில்லை. ஒலித்துவிடுமே என்று கூசியே சுற்றுகின்றனர். கொடுப்பவர் கூசுமாறு ஓர் ஆலயம் இருக்கலாமா?

இதனினும் துயரமானது ஒன்றுண்டு. திருவிழாக் காலத்தில் நன்கொடையாளரின் பெயரும் தொகையும் ஒலிபெருக்கியில் வாசிக்கப்படும் வழக்கம் நம் ஊர்கள் பலவற்றில் வேரூன்றியுள்ளது. தலைக்கட்டு வரி செலுத்தாதோரின் பெயரை வாசிக்கும் இடங்களும் உண்டு. பெங்களூரில் கட்டட வேலை செய்யும் குடும்பம் ஒன்று, ஈராண்டு வரி நிலுவையில் இருந்ததால், தங்கள் ஊர்ப் பாதுகாவலரின் திருவிழாவுக்கு வராமலேயே இருந்துவிட்டதை நாம் அறிவோம். வர இயலாமைக்குக் காரணம் கேட்டபோது, “பேரு வாசிப்பாங்களே சாமி” என்ற ஒற்றைச் சொல்லே விடையாக வந்தது. தொலைபேசிப் பெட்டியும் செல்லாத காசைச் சந்தடியின்றித் திருப்பித் தந்தது. போட்டவரின் பெயரை வீதியில் கூவவில்லை. ஓர் இயந்திரத்திடம் இருந்த நாகரிகம் நம்மிடம் இல்லாமற் போகலாமா? திருவிழாக் கணக்கு அவசியம். அதனை எழுதி வைப்பதும், வரவு செலவு மொத்தத்தை மக்களுக்கு அறிவிப்பதும் நேர்மை. பெயரையும் நிலுவையையும் முழங்குவது நேர்மையில் சேராது. இவ்வாண்டு நம் பங்குப் பேரவைகள் இதனை எண்ணித் துணிய வேண்டும் என வேண்டுகிறோம்.

இல்லங்களுக்கும் ஒரு சொல். திருப்பூரிலும் பெங்களூரிலும் கடல் கடந்தும் உழைக்கும் நம் பிள்ளைகள் மாதந்தோறும் தவறாமல் பணம் அனுப்புகின்றனர். பெற்றோரின் கைப்பேசியில் ‘டிங்’ என்று ஓர் ஒலி எழுகிறது. செய்தி வந்து நிற்கிறது. அப்பணம் வியர்வை சிந்தி ஈட்டியது; அதனைக் குறைத்துப் பேசுவதற்கு இல்லை. ஆயினும் அவ்வொலியோடு கடமை முடிந்ததென மகன் எண்ணுகையில், தாய் இன்னும் மறுமுனையில் காத்திருக்கிறாள். அன்று ஒரு ரூபாய் போட்டவர்கள், அது தீரும் முன் எச்சரிக்கை ஒலி எழுவதை அறிந்திருந்தமையால், கேட்க வேண்டியதை முதலில் கேட்டனர்: உடம்பு எப்படி இருக்கிறது, மருந்து வாங்கினாயா, தம்பி பள்ளிக்குப் போகிறானா? இன்று நேரத்துக்குத் தட்டுப்பாடு இல்லை, பேச்சோ சுருங்கிவிட்டது.

ஆகவே அன்பார்ந்த குடும்பத்தாரே, பணம் அனுப்பும் நாளில் ஐந்து நிமிடக் குரலையும் சேர்த்து அனுப்புங்கள். ஆலயத்தில் காசு ஒலித்தால் திரும்பிப் பாராதீர்கள். நிலுவை உள்ளவர் வீட்டுக்குத் திருவிழா அழைப்பை முதலில் கொண்டு செல்லுங்கள். இரண்டு செப்புக்காசுகளைக் கண்டறிந்த ஆண்டவர் நம் ஒவ்வொருவரின் காணிக்கையையும் அறிவார். அதற்கு மணியும் வேண்டியதில்லை, ஒலிபெருக்கியும் வேண்டியதில்லை.